மதிலோரமாய் அவிலா நகரில் ஒரு நடை

"அவிலா தெரேசம்மாள்" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆண்டுதோறும் அக்டோபர் 15-ஆம் நாள் அவருடைய திருநாளைக் கொண்டாடுகிறோம். ஆனால் அவிலா என்பது ஏதோ குடும்பப் பெயர் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நம் வகுப்புகளிலேயே உண்டு! அது ஓர் ஊரின் பெயர். ஸ்பெயின் நாட்டின் நடுமேட்டில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1130 மீட்டர் உயரத்தில், கல் மதிலை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கும் பழைய ஊர். மாட்ரிட் மாநகரிலிருந்து ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊரைச் சுற்றிக் காட்ட வழிகாட்டி யாரும் தேவையில்லை. ஒரு வரைபடம், வழுக்காத செருப்பு, மாலைக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை, இவை போதும். வாருங்கள், இப்பக்கங்களிலேயே ஒரு நாள் நடந்து பார்ப்போம்.

இரயில் நிலையம் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கினால் முதலில் எதிர்ப்படுவது மதில் அன்று. மதிலுக்கு வெளியே அடக்கமாக நிற்கும் புனித சூசையப்பர் மடம். தெரேசம்மாள் நிறுவிய முதல் மடம் இதுவே. இதன் கதையைப் பிறகு சொல்லுவோம். இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மதிலுக்கு வெளியே.

சிறிது தூரம் சென்றதும் விசாலமான சந்தைவெளி. அதன் எதிர்ப்புறம் திடீரென்று மதில்! 'அல்காசர் வாயில்' என்னும் இந்த நுழைவாயிலின் இரு பக்கத்துக் கொத்தளங்களும் 20 மீட்டர் உயரம் உடையவை. மதிலின் மொத்தச் சுற்றளவு 2516 மீட்டர். சராசரி உயரம் 12 மீட்டர். கனம் 3 மீட்டர். கொத்தளங்கள் 87, வாயில்கள் ஒன்பது. விளிம்பில் பல்வரிசை போல் நிற்கும் ஞாயில்கள் ஏறத்தாழ 2500. எல்லாப் பக்கமும் ஒரே வலிமையோடு கட்டப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். மேற்கே அதாஹா ஆறு, தெற்கே சரிவு. கிழக்கே மட்டும் சமதரை. பகைவன் அவ்வழியாகத்தான் வருவான். ஆகவேதான் மிகப் பெரிய கொத்தளங்களைக் கிழக்கிலே நிறுத்தினார்கள்.

யாருக்காக இந்தக் காவல்? 1085-இல் ஆறாம் அல்போன்சோ மன்னர் தொலேதோ நகரை முஸ்லிம் அரசிடமிருந்து கைப்பற்றினார். எல்லைப்புறமாய்க் கிடந்த அவிலாவில் மக்களைக் குடியேற்றி அரண் செய்யும் பொறுப்பைத் தம் மருமகன் ரெய்மோந்துவிடம் ஒப்படைத்தார். 1090 முதல் 1099 வரை ஒன்பதே ஆண்டுகளில் மதிலை முடித்தார்கள் என்று பழைய நூல்கள் பெருமையாய்ச் சொல்லும். இன்றைய ஆராய்ச்சியாளர் அதை ஏற்பதில்லை. பெரும்பகுதி 12-ஆம் நூற்றாண்டில்தான் எழுந்தது என்கிறார்கள். கிழக்கு மதிலை நெருங்கிப் பார்த்தால் இடையிடையே உரோமானியர் காலத்துக் கல்லறைக் கற்களைக் காணலாம். கைக்கு அகப்பட்ட கல்லையெல்லாம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்!

இவ்விடத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு மதிலின்மேல் ஏறலாம். படிகள் செங்குத்தானவை, சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்வது நல்லது. மேலே சிறிது தூரம் நடந்தால் வேறெங்கும் எளிதில் காணமுடியாத காட்சி ஒன்று உண்டு. பேராலயத்தின் பீடத்துக்குப் பின்னுள்ள வளைசுவரே மதிலின் ஒரு கொத்தளமாக வெளியே புடைத்து நிற்கிறது. கீழே குருவானவர் பூசை செய்ய, அதே சுவரின் உச்சியில் காவலன் வில்லோடு உலவியிருப்பான். பேராலயத்தின் உள்ளே இரத்தம் தெறித்தாற்போல் செம்மையும் வெண்மையும் கலந்த கற்கள். இது இப்பகுதியிலேயே வெட்டி எடுக்கும் கல். அங்கே தேவதாயின் சுரூபம் ஒன்று இருக்கிறது. 1528-ஆம் ஆண்டளவில் தாயார் பெயத்திரிஸ் இறந்தபோது, பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியான தெரேசா அந்தச் சுரூபத்தின் முன் விழுந்து அழுது, "இனி நீரே என் தாயாக இரும்" என்று வேண்டினாராம். அப்போது அது ஆற்றுப் பாலத்தருகே ஒரு சிற்றாலயத்தில் இருந்தது.

அல்காசர் வாயிலுக்கு வெளியே தென்கிழக்குச் சரிவில் இறங்கினால் அருள் அன்னை மடம். நம் பள்ளி மாணவியர் இங்கே கட்டாயம் சற்று நிற்க வேண்டும். ஏனெனில் 1531-இல், தம் பதினாறாம் வயதில், தெரேசா இங்கே விடுதி மாணவி! தாயில்லாப் பெண், ஒன்றுவிட்ட உறவினரோடு வீண்பேச்சிலும் அலங்காரத்திலும் பொழுது போக்குகிறாளே என்று கவலைப்பட்ட தந்தை அலோன்சோ, அவளை அகுஸ்தீன் சபைக் கன்னியரிடம் கொண்டுவந்து விட்டார். முதல் எட்டு நாள் ஒரே வேதனை. அதன்பின் வீட்டைவிட இங்கேயே மனம் ஒட்டிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். விடுதியைக் கவனித்த மரியா பிரிசேனோ என்னும் கன்னிகையின் இனிய பேச்சுத்தான் காரணம். ஆனாலும் கன்னிகையாகும் எண்ணம் அப்போது அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒன்றரை ஆண்டில் நோயுற்று வீடு திரும்பினார்.

அந்த வீட்டைக் காண மதிலுக்குள் நுழைந்து தெற்கு வாயிலருகே செல்ல வேண்டும். வழியில் சிறு சந்தைச் சதுக்கத்தில் புனித அருளப்பர் ஆலயம். 1515 மார்ச் 28-இல் பிறந்த தெரேசா ஏப்ரல் 4-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்ற தொட்டி இங்கே இருக்கிறது. அவர் பிறந்த வீட்டின்மேல் 17-ஆம் நூற்றாண்டில் ஆலயம் கட்டிவிட்டார்கள். பிறந்த அறை இன்று ஒரு சிற்றாலயம். பக்கத்துச் சிறு தோட்டத்தைக் காட்டி, சிறுமி தெரேசாவும் அண்ணன் ரோட்ரிகோவும் கற்களை அடுக்கித் தவக்குடில் கட்டி விளையாடியது இங்குத்தான் என்பார்கள். அடுக்க அடுக்க அவை சரிந்து விழுமாம். சுற்றிலும் பிரபுக்களின் மாளிகைகள், கதவுதோறும் குலச் சின்னங்கள். 'எங்கள் இரத்தம் கலப்பற்றது' என்று ஊரே மார்தட்டிய காலம் அது. தெரேசாவின் பாட்டனாரோ யூத குலத்திலிருந்து கிறிஸ்தவரானவர். 1485-இல் தொலேதோவில் விசாரணை மன்றம் அவரைப் பலரறியப் பரிகாரம் செய்ய வைத்தது. அதன் பிறகே குடும்பம் அவிலாவில் குடியேறியது. 1940-களில் ஆவணங்கள் வெளிவரும்வரை உலகம் இதை அறியாது. குலப்பெருமை என்றாலே தெரேசம்மாளுக்கு ஏன் அவ்வளவு கசப்பு என்பது இந்தத் தெருவில் நின்று பார்த்தால் விளங்குகிறது.

வடகிழக்கு மூலைக்கு வந்து வெளியேறினால் புனித வின்சென்ட் ஆலயம். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதசாட்சிகளாய் மரித்த வின்சென்ட், சபீனா, கிறிஸ்தேத்தா என்னும் உடன்பிறந்தாரின் நினைவாக எழுந்தது. அங்கிருந்து வடக்கே சரிவில் இறங்கினால் மனித அவதார மடம். 1535 நவம்பர் 2-ஆம் நாள் விடியற்காலையில், தந்தையின் சம்மதம் இல்லாமலே, தெரேசா வீட்டை விட்டு இங்கே வந்து சேர்ந்தார். தந்தையைப் பிரிந்த அந்த வேளையின் துயரத்தைச் சாவின் வேதனைக்கு ஒப்பாகப் பின்னாளில் எழுதினார். அலோன்சோ பிறகு மனமிசைந்தார். மடமோ, ஊரின் மறுபதிப்பு! கன்னியர் தொகை பெருகிப் பெருகி நூற்றெண்பதை எட்டியது. பணக்காரக் குடும்பத்துக் கன்னியருக்குத் தனி அறைகள், 'தோன்யா' என்னும் பட்டம். ஏழைகளுக்குப் பொதுப் படுக்கைக்கூடம். பார்வையாளர் ஓயாமல் வந்து போவார்கள். தெரேசா இங்கே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னாளில் புனித சிலுவை அருளப்பர் ஆன்ம குருவாய்ப் பணிபுரிந்ததும் இங்குத்தான். அவர் கைப்பட வரைந்த சிறிய சிலுவைச் சித்திரத்தை இன்றும் போற்றி வைத்திருக்கிறார்கள்.

இப்போது சூசையப்பர் மடத்தின் கதை. 1562 ஆகஸ்ட் 24. மூன்று ராத்தல் எடையுள்ள ஒரு சின்ன மணி ஒலிக்க, ஏழை அனாதைப் பெண்கள் நால்வர் துறவுடை அணிந்தார்கள். பட்டம் கிடையாது, நிலம் கிடையாது, நிலையான வருமானம் கிடையாது, கைவேலையும் பிறர் தரும் தருமமுமே ஆதாரம். அவ்வளவுதான், ஊர் கொதித்து எழுந்தது! இன்னொரு மடத்துக்கு யார் சோறு போடுவது என்றார்கள். கட்டடம் ஊரின் தண்ணீர்க் கால்வாய்க்கு இடைஞ்சல் என்றும் வழக்காடினார்கள். சில மணி நேரத்துக்குள் தெரேசம்மாள் பழைய மடத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். நகர சபை கூடியது. தொமினிக்கன் குரு தொமிங்கோ பாஞெஸ் மட்டும் எழுந்து அவருக்காக வாதாடினார். சில மாதங்களுக்குப் பின் அனுமதி கிடைத்துத் திரும்பியபோது, வழியில் வின்சென்ட் ஆலயத்து நிலவறையில் தேவதாயின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார் என்பது ஊரார் சொல்லும் மரபு. நாம் இதை எழுதக் காரணம், 'ஊர் என்ன சொல்லும்' என்ற மதில் கல் மதிலைவிடக் கனமானது என்பதை அவிலா கண்டிருக்கிறது.

இதே ஊரார் பிறகு அவரைத் தங்கள் காவல் புனிதையாகக் கொண்டாடினார்கள் என்பது வேறு கதை. 1622 மார்ச் 12-ஆம் நாள், நம் முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் அளித்த புனித சவேரியாரோடு ஒரே சடங்கில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. 1970-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரை மறைவல்லுநராக அறிவித்தார். திருச்சபை வரலாற்றில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. அவிலாவில் தெரேசம்மாளின் பெயரால் மிட்டாயும் விற்கிறார்கள்! முட்டையின் மஞ்சட்கருவையும் சர்க்கரையையும் சேர்த்துச் செய்த உருண்டை. ஒன்றுக்கு மேல் தின்றால் திகட்டும் என்கிறார்கள். 1985-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அவிலாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மதிலூரை மட்டுமன்றி மதிலுக்கு வெளியேயுள்ள ஆலயங்களையும் சேர்த்தே பெயர் குறித்தது.

வெயில் தாழும்போது மேற்கு வாயிலைக் கடந்து ஆற்றுப் பாலத்தின் வழியே எதிர்மேட்டுக்கு ஏறுங்கள். நான்கு தூண்களும் நடுவே ஒரு கற்சிலுவையும் நிற்கும் அந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் மதில் முழுவதும் கண்ணுக்கு அகப்படும். ஏழு வயதில், மூர்களின் நாட்டுக்குப் போய்க் கிறிஸ்துவுக்காகத் தலை கொடுக்கலாம் என்று அண்ணனை இழுத்துக்கொண்டு புறப்பட்ட தெரேசாவைச் சிற்றப்பா பிடித்தது இங்கே என்பது மரபு. தூண்கள் என்னவோ 1566-இல்தான் நாட்டப்பட்டன. அப்போது இங்கே வெறும் பாதைதான் இருந்திருக்கும். வீட்டுக்குத் திரும்பியதும் ரோட்ரிகோ பழியைத் தங்கையின்மேல் போட்டானாம்!

அந்த ரோட்ரிகோ 1535-இல் படையோடு கப்பலேறித் தென் அமெரிக்காவுக்குப் போனான், திரும்பி வரவேயில்லை. அதே ஆண்டு நவம்பரில்தான் தங்கை, இருள் பிரியுமுன், மதிலைத் தாண்டி வடக்கு நோக்கி நடந்தாள்.