ஹான் சோலோவும் விலை போகாத புதையலும்

கம்ப்யூட்டர் இதழில் கதைப் புத்தகத்திற்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். வேலை இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "போட்டோ, வீடியோ, கடிதம் எல்லாவற்றையும் இதிலேயே சேர்த்து வைக்கிறேன். இருபது வருஷம் கழித்தும் இருக்குமா?" இதற்கு நான் பலவாறாக விளக்கம் கொடுத்திருக்கிறேன். ஆனால் அண்மையில் மீண்டும் எடுத்துப் படித்த மூன்று நாவல்களில் இருந்ததைப் போல இவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை.

நாவல்களின் நாயகன் ஹான் சோலோ. 1977ல் வெளியான ஸ்டார் வார்ஸ் திரைப்படத்தில் ஹாரிசன் போர்டு நடித்த அதே விண்வெளிக் கடத்தல்காரன்தான். மில்லினியம் பால்கன் என்ற பழைய கப்பல், உடல் முழுக்க முடியுடன் சுவ்பாக்கா என்ற கூட்டாளி, எப்போதும் தலைக்கு மேல் கடன். படத்திற்கு முந்தைய இவனது வாழ்க்கையை பிரையன் டேலி என்ற அமெரிக்க எழுத்தாளர் மூன்று நாவல்களாக எழுதினார். "ஹான் சோலோ அட் ஸ்டார்ஸ் எண்ட்", "ஹான் சோலோஸ் ரிவென்ஜ்" இரண்டும் 1979லும், "ஹான் சோலோ அண்ட் த லாஸ்ட் லெகசி" 1980லும் வெளிவந்தன. மூன்றும் சிறிய புத்தகங்கள். விடுமுறை நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாக முடித்துவிடலாம்.

படத்தில் இவன் தன் கப்பலின் வேகத்தைப் பற்றிப் பெருமை அடிக்கும்போது பன்னிரண்டு பார்செக்கில் முடித்தேன் என்பான். பார்செக் என்பது நேரம் அல்ல, தூரம். ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு. ரசிகர்கள் இன்றுவரை இதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு வாங்கிவிட்டு, "நொடிக்கு 100 மெகாபைட் இறங்கவில்லையே" என்று கேட்பவர்களும் இதே வகைதான். அந்த அளவு மெகாபிட்டில் சொல்லப்படுவது. எட்டால் வகுத்தால் அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் கிடைக்கும்.

முதல் நாவலில் கம்ப்யூட்டர் ரசிகர்களுக்கு ஒரு விருந்து இருக்கிறது. போலக்ஸ் என்ற பழைய, நிதானமாக இழுத்து இழுத்துப் பேசும் வேலைக்கார ரோபோ. அதன் மார்புக்குள் ஒரு சின்னப் பெட்டி. அதுதான் புளூ மேக்ஸ். சிறுவன் குரலில் பேசும் குட்டிக் கம்ப்யூட்டர். அந்தப் பகுதியை ஆள்வது கார்ப்பரேட் செக்டார் அதாரிட்டி என்ற வணிக நிர்வாகம். காணாமல் போனவர்களைப் பற்றிய ரகசியங்கள் அதன் கம்ப்யூட்டர்களில் இருக்கின்றன. புளூ மேக்ஸை அந்த அமைப்புடன் இணைத்துத் தகவலை எடுக்கிறார்கள்.

இங்கே சற்று நின்று கவனியுங்கள். இந்த நாவல் வந்தது 1979ல். ஐ.பி.எம். நிறுவனத்தின் முதல் பெர்சனல் கம்ப்யூட்டர் வந்ததே 1981ல்தான். மேக்ஸ் மந்திரம் போட்டுத் தகவலை எடுப்பதில்லை. முதலில் உரிய சாக்கெட்டில் இணைய வேண்டும். பிறகு எதிரில் இருக்கும் சிஸ்டத்தின் மொழி புரிய வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் தகவல் அங்கேயே இருக்கும், கையில் கிடைக்காது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் விதி இதுவேதான்.

இரண்டாவது நாவலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. தொடக்கக் காட்சி மட்டும் அருமை. கையில் காசில்லாத ஹான் சோலோ, வறண்ட கிரகம் ஒன்றில் டூரிங் டாக்கீஸ் நடத்துகிறான். தண்ணீரே அறியாத அந்த மக்கள், தண்ணீர் உலகத்தைப் பற்றிய படத்தைப் பார்த்துப் பார்த்து பக்தர்களாகவே மாறிவிடுகிறார்கள். ஒரு நாள் படத்தை மாற்றுகிறான். அப்புறம் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் நம் கேள்விக்கு உரியது. (முடிவைச் சொல்லப் போகிறேன். படிக்க எண்ணியிருப்பவர்கள் அடுத்த இரண்டு பாராக்களைத் தாண்டிவிடலாம்.) நெடுங்காலத்திற்கு முன் ஆண்ட ஸிம் என்ற கொடுங்கோலனின் புதையல் கப்பல் காணாமல் போயிருக்கிறது. அந்தக் கப்பலின் பயணப் பதிவு அடங்கிய டிஸ்க் ஒன்று டெலால்ட் என்ற கிரகத்தின் பெட்டகத்தில் இருக்கிறது என்று துப்புக் கிடைக்கிறது. ஹான் கோஷ்டி கிளம்புகிறது. ஸ்கிங்ஸ் என்ற வரலாற்று அறிஞரும் உடன் வருகிறார். கம்பளிப் புழு போன்ற உருவம், பயந்த சுபாவம். மலை, காடு, துப்பாக்கிச் சண்டை எல்லாம் தாண்டிப் புதையல் அறையைத் திறந்தால், உள்ளே ஸிம் காலத்தில் விலை மதிப்பற்றதாக இருந்த பொருட்களும் படிகங்களும் குவிந்து கிடக்கின்றன. ஆனால் தொழில்நுட்பம் எப்போதோ அவற்றைத் தாண்டிப் போய்விட்டது. இன்று யாரும் வாங்க மாட்டார்கள்.

என் அக்கா மகன் இதைப் படித்துவிட்டு, "என்ன மாமா, கடைசியில் ஏமாத்திட்டாங்க" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருடர்கள் யாரும் அந்தப் புதையலை உருக்கவில்லை. துரு ஏறவில்லை. எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த உலகம்தான் மாறிவிட்டது. அங்கே மகிழ்ச்சி அடைந்தது ஸ்கிங்ஸ் ஒருவர்தான். வரலாற்று ஆசிரியருக்கு அது நிஜமான புதையல். நம் வீட்டுப் பழைய போட்டோக்களும் இப்படித்தான். சந்தையில் காலணா பெறாது, நமக்கு மட்டும் விலை மதிப்பில்லை. நேற்று இரவு இதைச் சொன்னபோதும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. தங்கக் கட்டி நான்காவது இருந்திருக்கலாமாம்.

கதைதானே என்று விட்டுவிட முடியாது. இங்கிலாந்தில் 1086ல் எடுக்கப்பட்ட நிலக் கணக்கெடுப்பு டூம்ஸ்டே புக் எனப்படும். அதன் 900வது ஆண்டையொட்டி பிபிசி 1986ல் நாட்டு மக்களின் வாழ்க்கையைப் படங்களும் எழுத்துகளுமாகத் திரட்டி லேசர் டிஸ்க்கில் வெளியிட்டது. அதைப் படிக்கத் தனி பிளேயரும் தனிக் கம்ப்யூட்டரும் வேண்டும். இருபது ஆண்டுகள் ஆவதற்குள் அவை அரிதாகிப் போயின. பழைய சிஸ்டத்தைப் போல நடிக்கும் சாப்ட்வேர் எழுதித்தான் வல்லுநர்கள் 2002ல் அந்தத் தகவலை மீட்டுக் காட்டினார்கள். தோலில் எழுதப்பட்ட 1086ம் ஆண்டுப் புத்தகத்தை லத்தீன் தெரிந்தவர்கள் இன்றும் படிக்கலாம்.

நம் கதைக்கு வருவோம். 1.44 எம்.பி. பிளாப்பிகளைச் செருக இன்றைய கம்ப்யூட்டர்களில் இடமே இல்லை. புதிய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் சிடி டிரைவும் கிடையாது. இது சாக்கெட் பிரச்னை. யு.எஸ்.பி.யில் இணைக்கும் டிவிடி டிரைவ் வாங்கினால் தீர்ந்துவிடும். மொழிப் பிரச்னைதான் பெரியது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த தமிழ்க் கடிதங்களை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தெரியும். பைல் கெடவில்லை. அதைப் படிக்கும் சாவிதான் இல்லை. இவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர் புரோகிராம்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் நோட்பேடில் ஒட்டி, சேவ் அஸ் கொடுத்து, என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எப்.-8 எனத் தேர்ந்தெடுத்து சேவ் செய்திடவும். அச்சில் வருவது போன்ற அமைப்பு வேண்டும் என்றால் பி.டி.எப். ஆக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 2008ல் அது உலகத் தர அமைப்பின் தரமாகவே ஏற்கப்பட்டுவிட்டது. போட்டோக்கள் ஜேபெக் பார்மட்டில் இருந்தால் இப்போதைக்குக் கவலை வேண்டாம். ஏதோ ஒரு புரோகிராம் மட்டுமே திறக்கும் பார்மட்டில் இருந்தால், அந்தப் புரோகிராம் இயங்கும்போதே மாற்றிவிடுங்கள். அசல் பைலை அழிக்க வேண்டாம். இரண்டும் இருக்கட்டும்.

பழைய சிடிக்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, இன்னொரு பிரதியை வெளியில் இணைக்கும் டிஸ்க்கில் வைத்திடலாம். காப்பி செய்ததோடு விடாமல், ஒவ்வொரு போல்டரிலும் இரண்டு மூன்று பைல்களைத் திறந்து பார்த்திடவும். திறக்க மறுப்பவற்றின் பெயர்களைக் குறித்து வைத்தால், அவற்றின் எக்ஸ்டென்ஷனைக் கொண்டு எந்தப் புரோகிராமில் உருவானவை என்று தேடிப் பிடிக்கலாம்.

நாவல்களைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 2014 முதல் இந்தப் பழைய கதைகள் "லெஜண்ட்ஸ்" என்ற தலைப்பின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. புதிய படங்களின் கதையோடு இவை ஒத்துப்போக வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். மூன்று நாவல்களையும் ஒரே தொகுதியாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விட வேண்டாம்.