சித்தப்பா நீங்கலாக

அஞ்சல் அட்டைக்கு உறை கிடையாது. 1879இல் காலணா விலையில் அது இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்தே ஊர் படிக்கும் கடுதாசிதான். தபால்காரர் கண்ணில் படும். வீடு பூட்டிக் கிடந்தால் வாங்கி வைக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு நோட்டம் விடுவார். அதனால் அட்டையில் நலம், நலமறிய ஆவல். கடன் கேட்பது, பெண் பார்த்த சங்கதி, பாகப்பிரிவினைச் சண்டை எல்லாம் ஒட்டிய கவருக்குள் போகும். 1950இல் வந்த நீல நிற இன்லேண்ட் லெட்டர் இரண்டுக்கும் நடுவே நின்றது. பசை சரியாகப் பிடிக்காவிட்டால் ஒரு சோற்றுப் பருக்கை போதும்.

ஆனால் அந்தப் பசை தெருவுக்குத்தான். வீட்டுக்குள் அதை யார் மதித்தார்கள்? மகள் பெயருக்கு வந்த கடிதத்தை அப்பா பிரிப்பார். எழுத்துக் கூட்டத் தெரிந்த பையன் ஒருவன் கூடத்தில் உரக்கப் படிப்பான். படித்து முடித்ததும் உத்தரத்தில் தொங்கும் கடுதாசிக் கம்பியில் குத்திவிடுவார்கள். ஐந்தாறு வருஷத்துக் கடிதங்கள் நடுவில் ஓட்டையோடு அங்கே பழுத்துக் கிடக்கும். விருந்துக்கு வந்தவர் பொழுது போகாமல் மேலாக இருப்பதை எடுத்துப் படித்தாலும் யாரும் தப்பாக நினைத்ததில்லை. புகுந்த வீட்டிலிருந்து எழுதும் பெண்ணுக்கு இது நன்றாகத் தெரியும். அனுப்புமுன் மாமியார் பார்ப்பார்; போய்ச் சேர்ந்தபின் பெரியப்பா படிப்பார். ஆகவே 'இங்கு எல்லோரும் என்னை நன்றாக வைத்திருக்கிறார்கள்' என்றுதான் எழுதுவாள். அம்மா மட்டும் அதில் எழுதாததையும் சேர்த்துப் படித்துக்கொள்வாள். சொந்தபந்தத்திடம் ஒளிக்க என்ன இருக்கிறது என்பது அந்தக் காலத்து நியாயம். குடும்பப் பாசம் என்று அதை இப்போது கொண்டாடுகிறவர்கள், அந்த மருமகளைக் கேட்டுவிட்டுக் கொண்டாடலாம்.

2003, 2004 வாக்கில் தமிழில் வலைப்பூக்கள் பெருகியபோது இந்த நியாயம் தலைகீழாகப் புரண்டது. ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டால் போதும். 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியில் பதிவு ஏறிவிட்டால், முகம் தெரியாத தமிழர்கள் எந்த நாட்டிலிருந்தும் படித்துப் பின்னூட்டம் போட்டார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்த அண்ணனுக்கோ விஷயமே தெரியாது. எழுத்து திறந்தே கிடந்தது, எழுதியவர் ஒளிந்திருந்தார்.

பதிவில் வந்த தெருவின் அடையாளத்தை வைத்து யாராவது உறவினர் கண்டுபிடிக்கும்வரை அது நடந்தது. பிறகு அவசர அவசரமாகப் பூட்டுப் போட வேண்டியதுதான். இங்கேதான் பலருக்கும் குழப்பம். பிளாக்கரில் 'தேடுபொறிக்குக் காட்டாதே' என்பது ஒரு தேர்வு. 'அழைத்தவர் மட்டும் படிக்கலாம்' என்பது வேறு தேர்வு. முதலாவதைப் போட்டால் கூகுளில் அகப்படாது, ஆனால் முகவரி தெரிந்தவர் நேராக வந்து படிக்கலாம். உண்மையான பூட்டு இரண்டாவதுதான். அதற்குள்ளும் ஏற்கெனவே எடுத்துப்போன நகல்கள் அடங்காது. 1996 முதல் வலைப்பக்கங்களைச் சேமித்துவரும் இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய பதிவு பத்திரமாக உட்கார்ந்திருக்கலாம்.

இன்று வாட்ஸ்அப்பில் புனைபெயருக்கு இடமில்லை. போன் நம்பர்தான் ஆள். அந்த நம்பர் கல்யாண மண்டபத்தில் பார்த்த ஒன்றுவிட்ட மாமா வரை எல்லோரிடமும் இருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மூன்று வழி: தொடர்பில் இருக்கும் எல்லோருக்கும், இன்னார் நீங்கலாக, இன்னாருக்கு மட்டும். நடுவில் இருப்பதைத் திறந்து பாருங்கள், ஒரு குடும்ப மரமே தெரியும். சித்தப்பா, பெரிய அத்தை, வீட்டு ஓனர், ஆபீஸ் மேனேஜர். கோவா கடற்கரையில் எடுத்த படத்தைப் போடும் பெண் சித்தப்பாவை மறக்காமல் டிக் செய்கிறாள். சித்தப்பா மகளை விட்டுவிடுகிறாள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மகள் போனை அப்பாவிடம் நீட்டுகிறாள்: "அக்காவப் பாத்தீங்களாப்பா, ஜாலியா இருக்கா!"

இன்ஸ்டாகிராம் 2018இல் நெருங்கிய நண்பர்களுக்கென்று பச்சை வளையம் கொண்டுவந்தது. பேஸ்புக்கில் பழைய பொதுப் பதிவுகளை ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்க ஒரு பொத்தான் உண்டு. மனம் மாறினால் ஒவ்வொன்றாகத்தான் திறக்க வேண்டும். அன்று கார்டா கவரா என்று எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை தீர்மானித்தால் முடிந்தது. இன்று எழுதிப் பத்து வருஷமான பிறகும் அந்தத் தீர்மானம் முடிகிற பாடில்லை. 'எனக்கு மட்டும்' என்று போட்டதும்கூடக் கம்பெனியின் கணினியில்தான் இருக்கிறது. அத்தையிடம் மறைக்கிற கவனத்தில் கால்பங்கு கம்பெனியிடம் இல்லை என்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: ஒருவர் தானே பொதுவில் வைத்த தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதற்குச் சட்டமே சொல்லும் உதாரணம், தன் கருத்துகளை வலைப்பதிவாக எழுதும்போது சொந்தத் தகவலையும் சமூக ஊடகத்தில் வெளியிட்டுவிடும் ஒரு பெண். ஆக, பேஸ்புக் பதிவோடு ஒட்டியிருக்கும், 'எல்லோருக்கும்' என்று பொருள்படும் சின்ன உலக உருண்டையை மாற்றாமல் விடுவதற்குச் சட்டத்திலும் அர்த்தம் உண்டு. இன்னொரு விலக்கும் இருக்கிறது. தனிப்பட்ட காரியத்துக்காகவோ வீட்டுக் காரியத்துக்காகவோ ஒருவர் அடுத்தவர் தகவலைக் கையாண்டால் இந்தச் சட்டம் அந்தப் பக்கமே வராது. சித்தப்பா மகள் மேல் வழக்குப் போட வழியில்லை.