உங்களுக்குத் தெரியுமா? பனியன் ஊரில் ஒரு எஃப் 2.8

● ஸ்டில் கேமராவுக்காகப் பெருமளவில் தயாராகி விற்பனைக்கு வந்த முதல் ஜூம் லென்ஸே எஃப் 2.8தான். ஜெர்மனியின் ஃபோக்ட்லேண்டர் கம்பெனி 1959இல் வெளியிட்ட ‘ஜூமார்’ அது. 36 முதல் 82 மி.மீ. வரை போகும். வடிவமைத்தவர் ஃபிராங்க் ஜி. பேக். இன்றைக்கு ஊர் சுற்றக் கிளம்புகிறவர் கடையில் கேட்பதும் ஏறத்தாழ இதே கணக்கைத்தான்: மண்டபம் முழுக்க அடங்க வேண்டும், முகமும் கிட்டத்தில் வர வேண்டும், எவ்வளவு ஜூம் செய்தாலும் 2.8 குறையக் கூடாது.

● குவியத் தூரத்தை உள்ளே திறந்திருக்கும் வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் அந்த எண். 50 மி.மீ.யில் எஃப் 2.8 என்றால் திறப்பு சுமார் 18 மி.மீ.; எஃப் 5.6 என்றால் 9 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி ஆகிவிடும், வெளிச்சமும் அப்படியே. கேமராவோடு சேர்த்துத் தருகிற 18-55 கிட் லென்ஸ் முழு ஜூமில் 5.6க்கு இறங்கிவிடும். அதே வெளிச்சம், அதே ஐஎஸ்ஓ. கிட் லென்ஸ் 1/25 நொடி கேட்கிற இடத்தில் 2.8 லென்ஸுக்கு 1/100 போதும்.

● இந்த 1/100, பனியன் ஊரான திருப்பூரின் கம்பெனிகளுக்குள் படமெடுப்பவருக்கு ரொம்ப வேண்டிய எண். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட பழைய ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/50 அல்லது 1/100 நொடியில் எடுத்தால் முழு மினுக்கும் படத்துக்குள் அடங்கிவிடும். அவசரப்பட்டு 1/500க்குப் போனால் ஒரு படம் வெளுப்பு, அடுத்தது மங்கல், சில சமயம் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு. கேனான் 2014இல் 7டி மார்க் 2 கேமராவில் இதற்கென்றே ‘ஆன்டி-ஃப்ளிக்கர்’ வசதி கொடுத்தது. இப்போது பல கேமராக்களில் இருக்கிறது; மெனுவைத் துழாவிப் பாருங்கள்.

● 30 இஞ்ச் டயா, 24 கேஜ் (இஞ்சுக்கு 24 ஊசி) நிட்டிங் மெஷின் ஒன்றில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் இருக்கும். சுற்றளவை கேஜால் பெருக்கினால் வருகிற எண்ணிக்கை. நிமிஷத்துக்கு 30 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், சிலிண்டரின் விளிம்பு நொடிக்கு 1.2 மீட்டர் நகர்கிறது. 1/100 நொடிக்குள்ளேயே 12 மி.மீ. ஓவர்லாக் மெஷின் இன்னும் மோசம். நிமிஷத்துக்கு 5,000 தையல் என்றால் நொடிக்கு 83. 1/1000 நொடியில் எடுத்தாலும் ஊசி தன் ஏற்ற இறக்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை முடித்திருக்கும். எஃப் 2.8 இருக்கிறதே என்று இதையெல்லாம் நிறுத்திப் பிடிக்கப் பார்ப்பது வீண் வேலை. ஊசி கலங்கட்டும், துணி சுழலட்டும். டைலரின் முகமும் கையும் நின்றால் போதும். அதற்கு அந்த 1/100 பெரும்பாலும் கைகொடுக்கும். எல்லாமே உறைந்து நிற்கும் படம் கரன்ட் போன நேரத்தில் எடுத்தது மாதிரி இருக்கும்.

● லென்ஸில் ‘ஸ்டெபிலைசேஷன்’ இருப்பதால் எஃப் 2.8 வேண்டியதில்லை என்று விற்பனையாளர் சொல்வார். பாதிதான் உண்மை. அது உங்கள் கை நடுக்கத்தைத் தாங்கும்; எதிரே இருப்பவரின் அசைவை ஒன்றும் செய்யாது. கோயில் தூணுக்கு அது போதும். செக்கிங் டேபிளில் துணியைப் புரட்டுகிற பெண்ணுக்குப் போதாது.

● 50 மி.மீ., எஃப் 2.8, ஏபிஎஸ்-சி (சின்ன சென்ஸார்) கேமரா, ஒன்றரை மீட்டர் தூரம். இத்தனையும் சேர்ந்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 10 செ.மீ.தான். வரிசையாக நிற்கும் பவர் டேபிள்களில் (தையல் மெஷின் மேஜைகளில்) ஒரு முகத்தைத் தனியாக எடுத்துக் காட்ட இது வரம். குடும்பத்தோடு முன்னும் பின்னுமாக நின்று எடுக்கிற போட்டோவில் சித்தப்பா மட்டும் தெளிவாகவும் மற்றவர்கள் மங்கலாகவும் வருவதற்கும் இதுவே காரணம். அங்கே 5.6 வையுங்கள்.

● லென்ஸை விடப் பெரிய தடை ஒன்று கம்பெனி வாசலிலேயே நிற்கும். “படமெல்லாம் எடுக்கக் கூடாதுங்க, பையர் டிசைனுங்க” என்பார் சூபர்வைசர். அவர் சொல்வது நியாயம். அடுத்த சீசனுக்கான மாடல் மேஜை மேலேயே கிடக்கும். முன்கூட்டியே கேட்டு, எதை எடுக்கலாம் என்று பேசிக்கொண்டு போவதே மரியாதை.

● ஜூம் லென்ஸின் அருமை தெரிய வேண்டுமானால் நிட்டிங் ஷெட்டுக்குள் போக வேண்டும். காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. அங்கே லென்ஸைக் கழற்றி மாற்றினால் சென்ஸார் மேல் பஞ்சு உட்கார்ந்துகொள்ளும். 2.8இல் அது கண்ணில் படாது. பிறகு வெளியே போய் எஃப் 11இல் வானத்தை எடுக்கும்போது கரும்புள்ளியாக எழுந்து வரும். ஜூம் ஆகாத ‘ப்ரைம்’ லென்ஸ் இரண்டு மூன்று வாங்கினால் இன்னும் வெளிச்சம் கிடைக்கும் என்பது சரிதான். ஆனால் தூசியில் மாற்ற முடியாத லென்ஸ் பையில் இருந்து என்ன பயன்? ஜூமிலும் ஒரு குறை உண்டு. நீண்டு சுருங்கும் வகை லென்ஸ் ஒவ்வொரு தடவையும் காற்றை உள்ளிழுக்கும். ரப்பர் வளையம் வைத்துக் காப்புச் செய்த மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தும் அதை வாங்கலாம்.

● நல்ல லென்ஸ் பனியன் துணியை மோசமாகக் காட்டும்! பின்னலாடையில் லூப்கள் ஒரே சீராக அடுக்கியிருக்கின்றன. கேமரா சென்ஸாரிலும் நிற வடிகட்டிகள் ஒரே சீராக அடுக்கியிருக்கின்றன. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அடுக்கு முறை அது. இரண்டு சீரும் ஒன்றோடொன்று மோதும்போது துணியில் இல்லாத வானவில் அலைகள் படத்தில் தோன்றும். ‘மொய்ரே’ என்பார்கள். மொண்ணையான லென்ஸில் இது குறைவு. கூர்மையான லென்ஸில்தான் அதிகம். சாம்பிள் துணியைப் படமெடுத்து பையருக்கு அனுப்புகிற மெர்ச்சண்டைசர்களுக்கு இந்தத் தலைவலி பழகியிருக்கும். ஓரடி முன்னே பின்னே நகருங்கள், துணியைச் சற்றே சாய்த்து வையுங்கள். மசியாவிட்டால் எஃப் 16 வரை மூடுங்கள். படம் லேசாக மென்மையாகி அலை அடங்கும்.

● துணிக்கும் லென்ஸுக்கும் உறவு பழசு. நுண்ணுயிர்களை முதலில் கண்டு எழுதிய ஆன்டனி வான் லீவன்ஹுக், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். இழையின் தரம் பார்க்க ஜவுளிக்காரர்கள் கையில் வைத்திருந்த உருப்பெருக்கிக் கண்ணாடி அவருக்குப் பழகிய பொருள். லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் கடிதங்கள் போகத் தொடங்கியது 1673இல்.

● இனி விலைக் கதை. சோனியின் சொந்த 24-70 எஃப் 2.8, 2016இல் வந்த முதல் மாடல், 886 கிராம். டாம்ரான் 2018இல் அதே சோனி கேமராவுக்குக் கொண்டுவந்த 28-75 எஃப் 2.8 வெறும் 550 கிராம். விலையோ பாதியைக்கூடத் தொடவில்லை. எதை விட்டுக்கொடுத்தார்கள்? அகலப் பக்கத்தில் 4 மி.மீ. கேட்கச் சின்னதாக இருக்கிறது. 24இல் 84 டிகிரி தெரிகிற இடத்தில் 28இல் 75 டிகிரிதான். குறுகிய பிராகாரத்தில் பின்னால் நகரச் சுவர் தடுக்கும்போது அந்த 9 டிகிரி நினைவுக்கு வரும். மற்ற நேரம் வராது.

● ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவருக்கு இன்னும் மலிவு. சிக்மா 2021இல் வெளியிட்ட 18-50 எஃப் 2.8, 300 கிராம்கூட இல்லை. ஸ்டெபிலைசேஷன் கிடையாது. அதே ஆண்டு வந்த டாம்ரான் 17-70 எஃப் 2.8இல் அது உண்டு, நீளமும் அதிகம், ஆனால் 525 கிராம். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு டாம்ரானின் 17-50 எஃப் 2.8 இருக்கவே இருக்கிறது. 2006இல் வந்தது, ஃபோகஸ் ஆகும்போது சத்தம் போடும், படம் நன்றாகவே வரும். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி என்பதை இந்தக் கிராம் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள்.

● ஏபிஎஸ்-சியின் சின்ன சென்ஸாரில் எஃப் 2.8 என்பது வெளிச்சத்துக்கு எஃப் 2.8தான். பின்னணி மங்கலுக்கு மட்டும் பெரிய சென்ஸாரான ஃபுல் ஃபிரேமின் எஃப் 4.2க்குச் சமம். விளம்பரத்தில் முதல் வாக்கியம் மட்டும் இருக்கும்.

● இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் கையில் பிடித்துப் படமெடுக்கலாம், ட்ரைபாட் வைக்க அனுமதி வாங்க வேண்டும். எஃப் 2.8க்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பகுதி இதற்காகத்தான். ஆனால் திருமுருகன்பூண்டி, அவிநாசி என்று பக்கத்துக் கோயில்களுக்குப் போகும்போது உள்ளே எடுக்கலாமா என்று முதலில் விசாரியுங்கள். தமிழகக் கோயில்களில் செல்போனையே தடை செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

● 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த, பறவைகள் கூடும் நஞ்சராயன் குளம் திருப்பூரை ஒட்டியே இருக்கிறது. சுமார் 126 ஹெக்டேர். அங்கே 70 மி.மீ.யோடு போனால் குளம்தான் வரும், பறவை வராது. குறைந்தது 400 வேண்டும். 400இல் எஃப் 2.8 என்றால் திறப்பின் விட்டமே 14 செ.மீ.க்கு மேல், விலையைக் கேட்காதீர்கள்.

● சித்திரையில் வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் மாட்டுச் சந்தை கூடும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளைக்குத் திமிலும் தோளும் கறுத்துவரும். இந்த நிற பேதத்தையெல்லாம் எடுக்க எஃப் 2.8 தேவையே இல்லை. கொங்கு நாட்டுச் சித்திரை வெயிலில் எஃப் 8 வைத்து கிட் லென்ஸிலேயே எடுக்கலாம். அந்த எஃப் 8இல் கிட் லென்ஸ் படத்தையும் விலை உயர்ந்த லென்ஸ் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள்.

● ஊட்டியில் மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் வந்தது. ஃபிலிம் காலத்தில் 100 அல்லது 400 வேகச் சுருளைப் போட்டுவிட்டால் 36 படமும் அதே வேகத்தில்தான். இருட்டிவிட்டால் காப்பாற்ற லென்ஸ் ஒன்றுதான் இருந்தது. இன்று ஐஎஸ்ஓ 6400 வைத்தும் வீட்டில் மாட்டும்படி படம் கிடைக்கிறது. எஃப் 2.8 இல்லாவிட்டால் பயணமே கெட்டுவிடும் என்று சொல்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

● செகண்ட் ஹேண்ட் வாங்குகிறீர்களா? லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். கீழ்நோக்கிப் பிடித்தால் ஜூம் தானாகச் சரிகிறதா, அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பூஞ்சை பிடிக்காமல் வைக்க, எக்ஸ்போர்ட் பேக்கிங்கில் போடுகிற சிலிக்கா ஜெல் பொட்டலமும் காற்றுப் புகாத டப்பாவும் போதும். பொட்டலம் ஈரம் குடித்துச் சலித்ததும் மாற்றிவிடுங்கள்.

● கடைசியாக, வாங்கலாமா? மாலைக்கு மேல், கூரைக்குக் கீழ், மனிதர்களை அதிகம் எடுப்பவர் என்றால் வாங்குங்கள். கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸ்தான் வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம், சிக்மாவோ டாம்ரானோ போதும். மலை, அணை, காற்றாலை, சந்தை என்று பகலில் சுற்றுபவர் கிட் லென்ஸை வைத்துக்கொண்டு அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு ஊர் பார்க்கலாம். தீர்மானிக்கும் முன் உங்கள் பழைய பயணப் படங்களைத் திறந்து ஐஎஸ்ஓ எண்ணைப் பாருங்கள். பாதிக்கு மேல் 1600ஐத் தாண்டியிருந்தால் கடைக்குப் போகலாம்.