எல்லை தாண்டினால் அரிசி உண்டா?

சென்ற பொங்கலன்று, பிலாஸ்பூரில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் திண்டிவனத்துப் பக்கத்துக் குடும்பங்கள் இரண்டு நமது இல்லத்திற்கு வந்திருந்தன. இரண்டும் ஒரே ஊர், ஒரே தெரு; ஊரில் இரண்டிற்கும் விலையில்லா அரிசி உண்டு. இங்கும் பெறலாமே என்று நாமே நியாய விலைக் கடைக்கு அழைத்துச் சென்றோம். இயந்திரத்தில் விரல் வைத்ததும் ஒரு குடும்பத்திற்கு அரிசி அளந்தார்கள். மற்றொன்று வெறும் பையுடன் திரும்பிற்று. அந்த அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நமக்கோ தலைகுனிவாயிற்று.

காரணத்தைப் பின்னரே விசாரித்து அறிந்தோம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நாடளவில் கிராம மக்களில் 75 விழுக்காட்டினர் வரை ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் பெறலாம். 2023 ஜனவரி முதல் அதற்கு விலையுமில்லை. ஆனால் இப்பங்கு மாநிலத்திற்கு மாநிலம் வேறு. சத்தீஸ்கர்க் கிராமங்களில் 84.25 விழுக்காடு, தமிழகக் கிராமங்களிலோ 62.55 மட்டுமே. வறுமை குறைவென்று மதிப்பிட்ட இடத்திற்குப் பங்கும் குறைவு. எஞ்சியோரைத் தமிழக அரசு கைவிடாமல், தன் செலவில் அவர்களுக்கும் அரிசி வழங்கி வருகிறது. ஆகவே ஊரில் இருக்கும்வரை, எவர் மத்திய அரசின் கணக்கு, எவர் மாநிலத்தின் கணக்கு என்று யாருக்கும் தெரிவதில்லை. (அரிசி வேகன்களுக்குக் கணக்கெழுதும் நமக்கே தெரியாது!)

தமிழகம் 2020-லும், சத்தீஸ்கர் 2022-லும் சேர்ந்த 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' ஏற்பாடு மத்தியக் கணக்கினருக்கே உரியது. அவர்களுக்கும் ஊர்க் கடையின் துவரம் பருப்பும் பாமாயிலும் இங்கே கிடையா. சத்தீஸ்கர் 2012-லேயே உணவுக்குத் தனிச் சட்டம் கண்ட மாநிலந்தான். எனினும் அதன் பயன் இம்மாநிலத்து அட்டைதாரர்க்கே.

நிற்க. அட்டையில் பி.எச்.எச். என்றோ, பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றோ இருப்பின் இங்கும் அரிசி உண்டு. என்.பி.எச்.எச். என்றிருப்பின் இல்லை. அந்த அம்மையாரின் அட்டை பின்னது.

"இங்கேயே புதிய அட்டைக்கு மனுச் செய்யலாமா, ஐயா?" என்று அவர் கேட்டார். செய்யலாம்; அதற்கு முன் ஊர் அட்டையிலிருந்து பெயர்களை நீக்க வேண்டும். ஊரில் மாமியார் தனியே இருக்கிறார். அந்த அட்டைதான் அவருக்குச் சோறு. பெயர்கள் குறைந்தால் அரிசியும் குறையுமே என்று அம்மையார் அஞ்சினார். மறுநாளே வந்து, "வேண்டாம், ஐயா, கடையில் விலைக்கே வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லிப் போனார்.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும் அன்பர்கள், தத்தம் பகுதியில் வேலைக்கு வந்துள்ள நம்மவரின் அட்டைகளைப் பார்த்து, குறியீட்டை எழுதிவர வேண்டுகிறோம். அதன் பிறகே கடைக்கு அழைத்துச் செல்வோம்.