பீரங்கிக்காரர் கட்டிய கூரை

1945 மார்ச் 16 இரவு ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரத்தின் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. சுமார் இருபது நிமிடம்தான். பழைய நகரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்துபோனது. நகரின் ஓரத்தில் இருந்த பெரிய மாளிகைக்குள்ளும் தீ புகுந்தது. மேலே போட்டிருந்த மரக்கூரை முழுவதும் எரிந்து சரிந்தது. அதற்கு நேர் கீழே, படிக்கட்டுக் கூடத்தை மூடியிருந்த கல் கவிகை அத்தனை கொள்ளியையும் தன்மேல் வாங்கிக்கொண்டு விழாமல் நின்றது. அப்போது அதற்கு வயது இருநூறுக்கு மேல்.

அதைக் கட்டிய பல்தசார் நொய்மான் கட்டடக் கலையைக் குலத்தொழிலாகக் கற்றவர் அல்லர். 1687இல் பொஹீமியாவின் எகர் ஊரில் (இன்று செக் நாட்டின் கெப்) துணி நெய்பவர் ஒருவருக்குப் பிறந்தார். கற்ற தொழில் வார்ப்பு வேலை. தேவாலயத்துக்கு மணியும் போருக்குப் பீரங்கியும் ஒரே பட்டறையில் வார்த்த காலம் அது. 1711இல் கூலிக்கு வார்ப்பு வேலை செய்யத்தான் வூர்ட்ஸ்பர்க் வந்தார். அங்கே வடிவியல், நில அளவை, கோட்டை கட்டும் முறை எல்லாம் படித்துப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். கடைசியில் கர்னல் வரை உயர்ந்தார்.

வூர்ட்ஸ்பர்க்கை ஆண்டவர்கள் ஆயர்களே. ஆன்மிகத்துக்கும் அரசாட்சிக்கும் ஒரே ஆள். 1719இல் பதவிக்கு வந்த யோகான் பிலிப் பிரான்ஸ் வான் ஷோன்போர்னுக்கு வெர்சாய், வியன்னா அரண்மனைகளுக்கு இணையாக ஒன்று வேண்டியிருந்தது. 1720இல் அந்த மாளிகைக்கு அடிக்கல் நாட்டி, அதுவரை பெரிதாக எதையும் கட்டியிராத நொய்மானிடம் வேலையை ஒப்படைத்தார். முழு நம்பிக்கை என்று சொல்ல முடியாது. வியன்னாவின் ஹில்டெப்ராண்ட், மைன்ஸ் நகரின் வெல்ஷ் போன்ற பெரிய கைகளும் வரைபடத்தில் திருத்தம் போட்டன. 1723இல் நொய்மானைப் பாரிஸுக்கு அனுப்பி அங்கிருந்த அரண்மனை வல்லுநர்களின் கருத்தையும் கேட்டுவரச் சொன்னார்கள். எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கட்டி முடிக்க வேண்டிய பொறுப்பு நொய்மானுடையது.

அந்தக் கவிகைக்கு வருவோம். ஏறக்குறைய 18 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. இவ்வளவு பெரிய பரப்பில் அது நடுவில் உயர்வது ஐந்து மீட்டர் சொச்சம்தான். வியப்பே இந்தத் தட்டைத்தன்மையில் இருக்கிறது.

சுவரில் ஓர் ஏணியைச் சாய்த்துப் பாருங்கள். செங்குத்தாக வைத்தால் அடி நகராது. படுக்கச் சாய்த்தால் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடும். வளைவுக் கூரையின் கால்களும் அப்படித்தான் வெளிப்பக்கம் தள்ளும். வளைவின் உயரத்தைப் பாதியாக்கினால் தள்ளுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். சுவர் அதைத் தாங்காவிட்டால் கூரை நடுவில் பிளந்து விழும். இதற்கு இரண்டு வழி உண்டு. சுவரைத் தடிப்பாக்கலாம், அல்லது கூரையின் எடையைக் குறைக்கலாம். நொய்மான் துளைகள் நிறைந்த, எடை குறைந்த டஃப் கல்லைத் தேர்ந்தெடுத்தார். எடை குறைந்தால் தள்ளுவிசையும் அதே அளவு குறையும். நான்கு சுவர்களிலிருந்தும் கவிகை எழும்படி அமைத்ததால் பாரமும் நான்கு பக்கமும் பிரிந்துபோயிற்று. கல் எரியாது என்பது கூடுதல் லாபம். மரச்சட்டம் கட்டிச் சுதை பூசிய கூரை போட்டிருந்தால் 1945இல் கரிதான் மிஞ்சியிருக்கும்.

இந்தக் கூரை நிற்கவே நிற்காது என்று ஹில்டெப்ராண்ட் சாதித்தாராம், நின்றால் அதன் கீழேயே தூக்கில் தொங்குவதாகச் சொன்னாராம். நொய்மான், உள்ளே பீரங்கிகளை வெடித்துக் காட்டுகிறேன் என்றாராம். இது கதைதான். ஆனாலும் வார்ப்புப் பட்டறைக்காரர் வாயில் வரக்கூடிய பதில்.

தூண் இல்லாததால் இன்னொருவருக்கும் லாபம் கிடைத்தது. வெனிஸிலிருந்து வந்த தியெப்போலோ 1752, 53இல் அந்தக் கூரை முழுக்க நான்கு கண்டங்களை வரைந்தார். ஈரச் சுண்ணக்காரை காய்வதற்குள் அன்றன்றைய பகுதியை முடித்தாக வேண்டிய ஓவியம் அது. முதல் படி வரிசையில் ஏறும்போது எதிரே அமெரிக்கா தெரியும். நடுத் தளத்தில் திரும்பினால் ஐரோப்பா. அதன் விளிம்பில் ராணுவ உடையில், பீரங்கிமேல் சாய்ந்தபடி, பக்கத்தில் நாயோடு ஒருவர் இருக்கிறார். அவர்தான் நொய்மான். அரண்மனை கட்டியவரைக் கையில் வரைபடத்தோடு காட்டாமல் பீரங்கியோடு காட்டிய தியெப்போலோவின் கண் கூர்மையானது.

அரண்மனையோடு நொய்மான் நிற்கவில்லை. நகரத்துக்குக் குடிநீர்க் குழாய் போட்டார், கண்ணாடித் தொழிற்சாலை நடத்தினார், பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார். பதினான்கு புனிதர்களுக்கான ஃபியர்ட்சேன்ஹைலிகன் தேவாலயத்துக்கு 1743இல் வேலை தொடங்கியபோது, மேற்பார்வையில் இருந்த க்ரோனே அவருடைய வரைபடத்தை மாற்றிக் கட்டிவிட்டார். புனிதர் பீடம் குறுக்குக் கூடம் வெட்டும் இடத்தில் வர வேண்டியது, அதற்கு வெளியே தள்ளிப்போயிற்று. நொய்மான் எழுந்த சுவரை இடிக்காமல் உள்ளே கூரையை மட்டும் மறுபடி யோசித்தார். நீள்வட்டங்களை ஒன்றோடொன்று கோத்து, பெரிய நீள்வட்டத்தின் கீழ் பீடம் அமையும்படி செய்தார். இன்று அந்தத் தேவாலயத்தின் அழகு என்று புகழப்படுவது இந்த நீள்வட்டங்கள்தான். க்ரோனேவுக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

1746இல் வந்த புதிய ஆயர் அவரை வேலையிலிருந்து விலக்கினார். அடுத்தவர் 1749இல் திரும்ப அழைத்துக்கொண்டார். 1753 ஆகஸ்டில் நொய்மான் இறந்தார்.

போருக்குப் பின், கூரையில்லாத கவிகைமேல் மழை இறங்கத் தொடங்கியது. ஜான் ஸ்கில்டன் என்ற அமெரிக்க அதிகாரி மரமும் தார்ப்பாயும் தேடிப் பிடித்துத் தற்காலிகக் கூரை போட்டு ஓவியத்தைக் காப்பாற்றினார். 1981இல் யுனெஸ்கோ மாளிகையை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் தியெப்போலோவைப் பார்க்கப் போகிறார்கள். நீங்கள் போனால் முதலில் சுவரையும் கூரையின் வளைவையும் பாருங்கள், பிறகு ஓவியத்துக்கு வாருங்கள்.