நெஞ்சுக்குள் ஒரு நடைக்கணக்கு

இதயம் பலவீனமானவர்களின் நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கும் பேஸ்மேக்கர், ஐ.சி.டி. போன்ற கருவிகள் துடிப்பைச் சீராக்க மட்டுமே என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அவற்றில் பல, அன்றாடம் எவ்வளவு நேரம் நடமாடினோம் என்பதையும் பதிவு செய்கின்றன. அசைவை உணரும் சிறு உணரி ஒன்று உள்ளே இருக்கிறது. நடக்கும்போது துடிப்பைக் கூட்டுவதற்காக வைத்தது, இப்போது நடமாட்டக் கணக்குக்கும் உதவுகிறது.

இது ஏன் தேவை? வாப்பாவிடம் கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பள்ளிக்கு நடந்து போனவர் வீட்டிலேயே தொழத் தொடங்கியிருப்பார். வயசாகிவிட்டது என்று நாமும் விட்டுவிடுவோம். கருவியின் கணக்கிலோ மூன்று மணி நேர நடமாட்டம் ஒரு மணி நேரமாகக் குறைந்திருக்கும்.

முழங்கால் வலியாலும் நடை குறையலாம். அதனால் சில கருவிகள் இதய ஒலி, மூச்சு, நுரையீரல் நீர்க்கோவை ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்கின்றன. சுமார் 900 பேர் பங்கேற்று 2017இல் வெளியான 'மல்ட்டிசென்ஸ்' ஆய்வில், நோய் முற்றிய நிகழ்வுகளில் 70 சதவீதத்தை இப்படி முன்கூட்டியே அறிய முடிந்தது. பாதிப் பேருக்காவது எச்சரிக்கை ஒரு மாதத்துக்கும் முன்பே வந்தது. வீண் எச்சரிக்கைகளும் உண்டு.

கட்டிலருகே வைக்கத் தந்த பெட்டிதான் இந்தக் கணக்கை மருத்துவமனைக்கு அனுப்புகிறது. செல்போன் சார்ஜ் போட அதன் பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். ஆனால் அது ஆம்புலன்ஸை அழைக்காது. கால் வீங்கினால், மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் உடனே 108ஐ அழையுங்கள்.