கண்ணில் படாத பாகங்கள் – 14: காடி

"ஃபேன் செத்தால் கழற்றிவிட்டு வேறு ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே, அதற்கு எதற்கு ஒரு வாரத்துக் கட்டுரை?" என்று கும்பகோணத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கழற்றுவதில் ஒன்றும் இல்லை. திரும்பச் செருகுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

தை பிறந்து பத்து நாள். சம்பா அறுவடை மும்முரம். அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ரைஸ்மில்லுக்கு வேறு வேலையாகப் போயிருந்தவன், பேச்சு நீண்டு ராத்திரி பதினோரு மணிவரை அங்கேயே இருந்துவிட்டேன். அப்போதுதான் கலர் சார்ட்டர் நின்றது. அரிசியைச் சரிவில் ஓடவிட்டு, கேமராவால் பார்த்து, பழுப்பும் கறுப்புமான மணிகளைக் காற்றால் ஊதித் தள்ளுகிற மெஷின் அது. அதன் மின்னணுப் பெட்டிக்குள் சூடு ஏறிவிட்டதென்று திரையில் சிவப்பு எழுத்து.

எலக்ட்ரீஷியனுக்கு முப்பது வயது இருக்கும். செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஃபேன் ட்ரேயை உருவினார். இரண்டு சாண் அகலம், ஒரு சாண் ஆழம், தகட்டில் வரிசையாக மூன்று ஃபேன். நடு ஃபேனின் இறக்கையில் தவிடு மெழுகு மாதிரி அப்பிக் கிடந்தது. விரலால் சுண்டினால்கூடச் சுற்றவில்லை. ஸ்பேர் ட்ரே கையிலேயே இருந்தது, மில்காரர் முன்யோசனைக்காரர். ஐந்து நிமிஷத்து வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"அண்ணே, இடது பக்கம் லேசா தூக்குங்க."

பக்கத்தில் நின்ற லோடுமேன் தூக்கிக் கொடுத்தார். ஓர் அங்குலம் உள்ளே போய் நின்றுகொண்டது. வலது மூலையை அழுத்தினால் இடது மூலை வெளியே வந்தது. இடதை அழுத்தினால் வலது. கொஞ்ச நேரம் இப்படியே போயிற்று. கடைசியில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. 'டக்'கென்று உள்ளே போய்விட்டது. ஆனால் ஃபேன் சுற்றவில்லை. மறுபடி உருவிப் பார்த்தால் பின்னால் இருந்த கனெக்டரில் இரண்டு ஊசி மடங்கியிருந்தது. மறுநாள் மத்தியானம் வரை சார்ட்டர் ஓடவில்லை.

டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "இதுக்கு வாயே வைக்கலை சார்."

அது தச்சுப் பட்டறைப் பேச்சு. அவர் அப்பா ஆசாரி என்பது பிறகு தெரிந்தது. பலகை ஓடுவதற்காகச் சட்டத்தில் இழைக்கிற பள்ளம் காடி. பலகை அதற்குள் நுழைகிற இடம் வாய். கணினியிலும் டெலிபோன் கருவியிலும் ஃபேன் ட்ரே ஏறுகிற தடத்துக்கு இன்ஜினீயர்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு இனி அது காடிதான்.

காவிரிக் கரையில் காடிக்குப் பஞ்சமே இல்லை. இரும்பு ஷட்டர் வருமுன் கடைத்தெருவில் எல்லாக் கடைக்கும் பலகைக் கதவுதான். கீழே ஒரு காடி, மேலே ஒரு காடி, நடுவில் நிமிர்ந்து நிற்கும் பலகைகள், ஒவ்வொன்றிலும் எண். காடியின் ஒரு கோடியில் மட்டும் முன்சுவரை ஒரு பலகை அகலத்துக்குச் செதுக்கி விட்டிருப்பார்கள். அந்த வாய் வழியாக உள்ளே விட்டு, தள்ளிக்கொண்டே போய், அடுத்ததை விட வேண்டும். கடைப் பையன்கள் தூக்கக் கலக்கத்தில் இருட்டில் செய்கிற வேலை அது. அதனால் வாயைத் தாராளமாகத்தான் வெட்டுவார்கள்.

வீட்டுக்குள் வந்தால் பத்தாயம். நெல்லை மேலே கொட்டி, அடியில் இருக்கிற சின்னத் திறப்பு வழியாக எடுப்போம். அந்தத் திறப்பை மூடுகிற பலகை காடியில் ஏறி இறங்கும். எங்கள் வீட்டுப் பத்தாயத்தில் சித்திரையில் அது கடகடவென்று ஆடும்; ஐப்பசி அடைமழையில் ஊறி இறுகிப்போகும். "ஐப்பசிக்கு இடம் விட்டு இழைக்கணும், சித்திரையில ஆடுனா ஆடட்டும்" என்று பழுது பார்க்க வந்த ஆசாரி சொன்னது நினைவிருக்கிறது. ட்ரேக்காரர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய பாடம் இது. வரைபடத்தில் அளவு சரியாக இருக்கும். பிறகு தகட்டுக்குப் பவுடர் பெயின்ட் அடிப்பார்கள். ஒரு பூச்சு கால் மில்லிமீட்டரில் பாதிகூட வராது என்றாலும், ட்ரேயில் இரண்டு பக்கம், காடியில் இரண்டு பக்கம் என்று சேர்ந்தால் விட்ட இடைவெளியை விழுங்கிவிடும். அதன்மேல் டெல்டாவின் மார்கழிப் பனியில் துரு.

சரி, ஓர் அங்குலத்தில் ஏன் நின்றது? மேஜை டிராயரை ஓரத்தில் பிடித்துத் தள்ளியவர்களுக்கு இது தெரியும். அகலம் அதிகம், ஆழம் குறைவு என்றால் டிராயர் கோணிக்கொள்ளும். ஒரு பக்கத்து முன்முனையும் எதிர்ப்பக்கத்துப் பின்முனையும் காடிச் சுவரில் முட்டிக்கொள்ளும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி அழுத்துகிறோமோ அதை இரண்டால் பெருக்கி, உராய்வு எண்ணாலும் பெருக்க வேண்டும். தட்டு காடிக்குள் அந்த நீளத்துக்காவது போயிருந்தால்தான் நகரும். நம் ட்ரேயின் மூலை நடுவிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர். தூசி படிந்த இரும்புக்கு உராய்வு எண்ணை 0.3 என்று வைத்தால் 12 சென்டிமீட்டர் வருகிறது. துருப்பிடித்து அது 0.5 ஆனால் முழுசாக 20. உள்ளே போயிருந்ததோ ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர்.

அழுத்தும் பலம் எவ்வளவு என்ற பேச்சே இந்தக் கணக்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கூட அழுத்தினால் சுவரின் பிடியும் கூடவே இறுகும். பயில்வானைக் கூட்டிவந்தாலும் இதே கதைதான். தட்டினால் போகிறதே என்றால், அதிர்ச்சியில் ஒரு கணம் பிடி விட்டு, தட்டு குண்டு மாதிரி உள்ளே பாய்கிறது. அப்புறம் ஊசி மடங்காமல் என்ன செய்யும்?

ஆகவே முதல் அங்குலம்தான் காடியின் உண்மையான வேலை. வாயின் விளிம்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே விரித்து மடித்துவிட்டால் தட்டின் மூலை தானே வழுக்கி உள்ளே போகும். அடியில் ஓர் உதடு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் தட்டை முதலில் அதன்மேல் சாய்த்து வைக்கலாம். தூக்கிப் பிடிக்க லோடுமேன் அண்ணன் வேண்டாம். கைப்பிடியை இரு ஓரத்திலும் வைக்காமல் நடுவில் ஒன்றே ஒன்று வைத்தால், கை தானாக நடுவைத்தான் பிடிக்கும். கோணலுக்கு வழியே இல்லை. காடியின் உள்பக்கம் நைலான் பட்டை போட்டால் உராய்வும் குறையும், துருவும் கிடையாது. தகடு மடிக்கும் மெஷினில் கூடுதலாக ஒரு மடிப்பு, ஒரு நைலான் பட்டை. லட்சக்கணக்கில் விலை சொல்கிற மெஷினில் இதைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

இதே வியாதி பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் கல்லணைக்குப் போகலாம். காவிரி, வெண்ணாறு, 1934இல் மேட்டூர் அணைத் திட்டத்தோடு வந்த கல்லணைக் கால்வாய், அந்தப் பக்கம் கொள்ளிடம் என்று நாலு தலைமதகிலும் ஷட்டர்கள் காடியில்தான் ஏறி இறங்குகின்றன. அகலமான ஷட்டரை ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் கோணிக்கொண்டு நின்றுவிடும். அதனால் இரண்டு பக்கத் தூக்கியையும் ஒரே தண்டால் பிணைப்பது வழக்கம். இங்கே ஒரு சுற்றென்றால் அங்கேயும் ஒரு சுற்று. ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் ஷட்டருக்கெல்லாம் பெயின்ட் அடித்து கிரீஸ் போடுகிற படம் பேப்பரில் வரும். குறுவைக்குத் தண்ணீர் வருவதற்கு அந்த கிரீஸும் ஒரு காரணம்.

ஆனால் ரைஸ்மில் பேனலில் கிரீஸ் போட்டீர்களோ, தொலைந்தது. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. உமியை எரித்த சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. ஒன்று ஒட்டும், இன்னொன்று அறுக்கும். இரண்டும் கிரீஸில் குழைந்தால் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும்.

ஃபேனே இல்லாமல் செய்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். அப்படிக் கேட்டவர்கள் நம் நாட்டிலேயே இருந்தார்கள். 1984இல் சாம் பித்ரோடாவின் முனைப்பில் தொடங்கிய சி-டாட், கிராமத்துக்கென்று 128 முனை டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒன்றை வடிவமைத்தது. முதல் பெட்டி 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கித்தூரில் ஓடத் தொடங்கியது. அன்றைக்கு வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் என்றால் ஏசி அறை கேட்கும். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத கிராமத்தில் ஏசிக்கு எங்கே போவது? குறைந்த மின்சாரம் குடிக்கிற சிப்புகளாகப் பார்த்துப் போட்டு, ஏசியே வேண்டாத பெட்டியாகக் கட்டினார்கள். மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத்துகள் முளைத்த காலத்தில் நாடெங்கும் கிராமத்து டெலிபோன்கள் இந்தக் குடும்பத்துப் பெட்டிகளை நம்பித்தான் பேசின.

இன்றைய கருவிகள் அப்படி இல்லை. கையகல இடத்தில் நூற்றுக்கணக்கான வாட் சூடு. உள்ளே இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. காற்று ஊதாமல் முடியாது. நல்ல ஃபேன் ஒன்றின் ஆயுள் 50,000 மணி நேரம் என்று வைத்தால், இரவு பகல் ஓடுகிற இடத்தில் ஆறு வருஷம்கூட இல்லை. கருவி அதற்கு மேலும் இருக்கும். ஆகவே ட்ரேயை உருவிச் செருகுகிற நாள் வந்தே தீரும். டெலிபோன் கோபுரத்தின் அடியில் இருக்கிற பெட்டி என்றால், கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்தாக வேண்டும்.

அங்கேதான் கடைசி அங்குலத்து வேலை வருகிறது. முதல் அங்குலத்தில் வாய் எவ்வளவு தாராளமோ, கடைசி அங்குலத்தில் அவ்வளவு கறார். காடி மட்டும் தட்டை அரை மில்லிமீட்டர் சுத்தமாகக் கொண்டுசேர்க்காது. அதனால் பின்சுவரில் நுனி கூராக்கிய தடித்த இரண்டு முளைகள். ட்ரேயின் துளைகள் முதலில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். கனெக்டரையும் இறுக்கி முடுக்காமல் ஒரு மில்லிமீட்டர் அசைய விட்டிருப்பார்கள். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் அதுவே தடவித் தன் ஜோடியைக் கண்டுபிடிக்கும். ஊசிகளும் ஒரே நீளம் இல்லை. எர்த் ஊசி நீளம், அது முதலில் தொடும், பிறகு கரண்ட், எல்லாவற்றிலும் குட்டையான சிக்னல் ஊசி கடைசியில் தொட்டு, 'வந்து உட்கார்ந்துவிட்டேன்' என்று தகவல் சொல்லும். உருவும்போது இதே வரிசை தலைகீழாக. கொக்கியிலும் இரண்டு படி வைத்தால் உத்தமம்: முதல் படியில் கரண்ட் துண்டிக்கும், இறக்கை நின்ற பிறகு இரண்டாவது படியில் ட்ரே வெளியே வரும். விரல் தப்பும்.

ட்ரேயைத் தலைகீழாகச் செருகிவிட்டால் காற்று எதிர்த்திசையில் ஊதும். அதைத் தடுக்க ஒரு பக்கக் காடியை மட்டும் கொஞ்சம் அகலமாக்கி, அந்தப் பக்கத்து ட்ரே விளிம்பையும் அதற்கேற்பத் தடிப்பாக்குவது பழைய தந்திரம். தலைகீழாக நுழையவே நுழையாது. கடைப் பலகையில் எண் போட்டதைவிட இது மேல். எண்ணை இருட்டில் படிக்க முடியாது.

அம்மாப்பேட்டைக்கே வருகிறேன். மறுநாள் கனெக்டர் வந்ததும் அந்தத் தம்பி முதலில் ட்ரேயைத் தொடவில்லை. மூக்குக் குறடால் காடி வாயின் இரண்டு விளிம்பையும் வெளிப்பக்கம் விரித்தார். ட்ரேயின் முன்மூலை இரண்டையும் அரத்தால் ராவி உருட்டினார். பிசிறைத் துணியால் துடைத்துவிட்டு, பையிலிருந்து பாதி எரிந்த மெழுகுவத்தியை எடுத்துக் காடி நெடுகத் தேய்த்தார். கிரீஸ் இல்லை, மெழுகு, அப்பாவிடம் கற்றது. பிறகு ட்ரேயின் நடுவில் ஒற்றைக் கையை வைத்து ஒரு தள்ளு. சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது. மொத்தம் இருபது நிமிஷம் ஆகியிருக்கும். மெஷினைச் செய்தவர்கள் அவர்களுடைய பட்டறையில் செய்திருக்க வேண்டிய வேலை.

மில் வைத்திருப்பவர்களுக்கும், ஆபீஸுக்கு யுபிஎஸ், சர்வர் என்று வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விலை பேசுமுன், கரண்டை அணைத்துவிட்டு, விற்க வந்தவரையே ஃபேன் ட்ரேயை உருவச் சொல்லுங்கள். பிறகு அறையின் விளக்கையும் அணைத்து, ஒரு கையால் வலது மூலையை மட்டும் பிடித்துத் திரும்பச் செருகச் சொல்லுங்கள். போய் உட்கார்ந்தால் அட்வான்ஸ் கொடுங்கள்.

(தொடரும்)